அறை எண் பதினொன்றிலிருந்து போன சீர்

1

மூன்று வாரத்துக்கு முன் என் மகள் மீனா சிகாகோவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். அங்கே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு கிளீவ்லாந்துக்கு, அதாவது எங்கள் ஊருக்கு, வரப்போவதாகச் சொன்னாள். நான் சந்தோஷப்பட ஆரம்பித்து முடிப்பதற்குள், "உங்களுக்குச் சிரமம் வேண்டாம் அப்பா, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மோட்டலில் அறை எடுத்துவிட்டோம்" என்றாள்.

இதை ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அவளுடைய தமிழ் 'சோறு போதும்' என்பதோடு நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது. ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். இந்த வாக்கியத்தைப் பெற்றவர்களிடம் தமிழில் சொல்லிவிட்டு ஒருவர் உயிரோடு போனை வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரோஜாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பெத்தவுக வீடு இருக்கிற ஊர்ல ரூம் போட்டுத் தங்குவாளா? நாலு பேரு கேட்டா என்னங்க சொல்றது?"

எங்கள் வட்டாரத்தில் நாலு பேர் என்றால் கச்சிதமாக நாலு பேர்தான். தமிழ்க் குடும்பங்கள் நாலு. ஆனால் அந்த நாலு பேரும் கட்டாயம் கேட்பார்கள்.

"நீங்க அவகிட்ட கண்டிச்சுச் சொல்லுங்க" என்றாள் சரோஜா.

வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் நிலவறைக்கு இறங்கிவிட்டேன். கொதிகலன் பிரமாதமாக வேலை செய்துகொண்டிருந்தது. அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். சொந்த ஊரில் லாட்ஜில் தங்குகிறவர்களைக் கண்டிக்க உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் தகுதி இருக்கலாம், எனக்குக் கிடையாது. அந்தக் கலையை எங்கள் குடும்பத்தில் தொடங்கி வைத்தவனே நான்.

2

எழுபதுகளின் கடைசியில் நடந்த கதை. எனக்கு மேலே இரண்டு பேர். மூத்தவர் சுந்தரம் அண்ணன். அரசு அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. ஆனையூரில் வீடு. நடுவில் ராஜம் அக்கா. மச்சானுக்கு ஒரு கல்லூரியில் வேலை என்பதால் நாகமலை புதுக்கோட்டையில் குடியிருந்தார்கள். கடைக்குட்டி நான் ஒருவன் அமெரிக்காவுக்குப் போய், குழாய்களுக்கான அடைப்பான்களைக் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தேன். இன்றும் அதையேதான் வரைகிறேன். அடைப்பான்கள் மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருக்கின்றன.

அக்காவின் ஒரே மகள் வசந்தி. மச்சானுக்கு வெளியூர் மாற்றலாகிக்கொண்டே இருந்த காலத்தில் அவள் அண்ணன் வீட்டில்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அண்ணனின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து போவாள். பின்னால் கேரியரில் அண்ணன் மகன் செல்வம். இந்த இரண்டும்தான் நாளைக்குப் புருஷன் பெண்டாட்டி என்று அண்ணன் மனத்துக்குள் முடிவு கட்டியபடியே பெடலை மிதித்திருக்கிறார். முன்னாலும் பின்னாலும் இருந்தவர்களிடம் அதைச் சொல்லவில்லை.

கல்யாண வயதில் கேட்டபோது வசந்தி சிரித்துவிட்டாள். "ஒரே சீப்புல தலை சீவி வளந்தவன் மாமா. அவனப் பாத்தா சிரிப்புத்தான் வருது" என்றாளாம். செல்வத்தைக் கேட்டதற்கு அவனும் சிரித்தானாம். அண்ணன் சிரிக்கவில்லை. அக்கா திண்டுக்கல்லில் ஒரு வங்கி மாப்பிள்ளையைப் பார்த்து நிச்சயம் செய்ததும், "என் வீட்டு வாசல்ல இருந்து அவளுக்குச் சீரு போகாது" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டார்.

நம் பக்கத்தில் தாய்மாமன் சீர் கொண்டுவந்து, மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகாமல் பெண் மணவறையில் ஏறுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு விமானத் தபால்கள் வந்தன. 'நீயும் தாய்மாமன்தான், வந்து சேர். நம் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்' என்று அக்கா. 'வருவாய் என்று கேள்விப்பட்டேன். நம் வீட்டில்தான் தங்குவாய் என நம்புகிறேன்' என்று அண்ணன். அண்ணன் நம்புகிறேன் என்று எழுதினால் அதற்குக் கீழே கோடு போட்ட மாதிரி.

எந்த வீட்டில் பெட்டியை வைத்தாலும் இன்னொரு வீட்டுக்கு நான் எதிரி. நான் படம் வரைகிறவன் அல்லவா, மதுரையை ஞாபகத்திலிருந்து வரைந்து அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ஆனையூருக்கும் நாகமலை புதுக்கோட்டைக்கும் ஏறக்குறைய நடுவில் ஆரப்பாளையம். பஸ் நிலையம். சுற்றிலும் லாட்ஜுகள். யார் பக்கமும் சாயாமல் ஆரப்பாளையத்தில் தங்குவது என்று தீர்மானித்தேன். அந்த அளவுகோலை இன்னும் வைத்திருக்கிறேன். என் முட்டாள்தனத்தை எந்தக் கருவியால் அளந்தேன் என்று கேட்டால் காட்ட வேண்டுமே!

3

லாட்ஜின் மேனேஜர் பரமசிவம், நெற்றி நிறைய விபூதியும் காதில் ஒரு பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். சொந்த ஊர் என்ற கட்டத்தில் பெருமையாக 'மதுரை' என்று எழுதினேன். அவர் படித்துவிட்டுப் பதிவேட்டை மூடினார்.

"ரூம் இல்லண்ணே."

"இப்ப இருக்குன்னு சொன்னீங்களே?"

"வெளியூர்க்காரவுகளுக்கு இருக்கு. உள்ளூர்க்காரர் உள்ளூர்ல எதுக்குண்ணே ரூம் போடுறாரு? ஒண்ணு பொண்டாட்டிகிட்டச் சண்ட. இல்லாட்டி மருந்து குடிக்க. நம்ம லாட்ஜ்ல ரெண்டு பேரு போயிட்டாக. ரெண்டு பேரும் உள்ளூரு. போலீசுக்கு நாந்தான் பதில் சொன்னேன்."

நான் சாகிற உத்தேசத்தில் வரவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். "அவுகளும் அப்படித்தாண்ணே சொன்னாக" என்றார். வேறு வழியில்லாமல், உள்ளூர்க்காரன் இல்லை என்று நிரூபிக்க என் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். மனிதர் எழுந்து நின்றுவிட்டார். மரியாதையால் என்று நினைத்தேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு படிவத்தை எடுக்கத்தான் எழுந்திருக்கிறார்.

"வெளிநாட்டுக்காரர்னா போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதிக் குடுக்கணும்."

ஆக, ஐந்தே நிமிடத்தில் நான் மதுரைக்காரன் என்பதற்காக விரட்டப்பட்டு, மதுரைக்காரன் இல்லை என்பதற்காகப் போலீசுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டேன். படிவத்தில் பிறந்த இடம் மதுரை. நாடு அமெரிக்கா. இந்தியாவில் முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா அங்கே வந்து நின்றுவிட்டது. இரண்டு வீட்டு முகவரியும் மனப்பாடம். எதையும் எழுத முடியவில்லை.

"லாட்ஜ் அட்ரஸ் போட்ருங்கண்ணே, வேற என்ன" என்றார் பரமசிவம். போட்டேன்.

பதினோராம் நம்பர் அறை, மாடியில். இரும்புக் கட்டில், ஒரு ஸ்டூல், ஒரு மண்பானை. ஒரே வேகத்தில் மட்டும் சுற்றும் மின்விசிறி. பெண்கள் மாடிக்கு வரக் கூடாது என்று படிக்கட்டில் எழுதியிருந்தது. ஆனால் கண்ணாடியில் ஏழெட்டு ஒட்டுப்பொட்டுகள் இருந்தன. ஜன்னலைத் திறந்தால் பஸ் நிலையம் மொத்தமும் உள்ளே வந்துவிடும். 'தேனி தேனி தேனி' என்று ஒரு கண்டக்டர் கத்துவார். கீழே புரோட்டாக் கடையில் கல்லின் மேல் கரண்டியால் கொத்துகிற சத்தம், ரயில் ஓடுகிற மாதிரி.

பக்கத்து அறையில் ஜெயராஜ் என்றொருவர் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். பூச்சி மருந்துக் கம்பெனியின் விற்பனைக்காரர். நல்ல பேச்சுக்காரர். அவரோடு நான் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தாலே பரமசிவத்துக்கு முகம் வெளுத்துவிடும். "ஜெயராஜண்ணே, சாம்பிள் பாட்டிலெல்லாம் பூட்டிதான வச்சிருக்கீக?" என்று கேட்பார். இரண்டு மணிக்கொரு தரம் என் கதவைத் தட்டி, "காபி வேணுமாண்ணே?" என்பார். நான் பதில் சொன்னதும், காபி கொண்டு வராமலே நிம்மதியாக இறங்கிப் போய்விடுவார்.

4

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டிப்பிடித்து அழுதாள். காபி கொடுத்தாள். பழக்கதோஷத்தில் "தேங்க்ஸ்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"எனக்கு எதுக்குடா தேங்க்ஸு? நான் என்ன காபிக்கடையா வச்சிருக்கேன்?" என்றவள், வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டி எங்கடா முத்து?" என்றாள்.

"ஆரப்பாளையத்துல லாட்ஜ்ல இருக்குக்கா. உங்களுக்குத் தொந்தரவு வேணாமேன்னு…"

அக்கா காபி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். மச்சான் ஓசைப்படாமல் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அனுபவசாலி.

"தொந்தரவா? எம்புட்டுப் பெரிய வார்த்தை கத்துக்கிட்டு வந்திருக்க! கூடப்பொறந்தவ வீட்டுல ஒரு பாய் இல்ல, ஒரு வாய் சோறு இல்லன்னு ஊரு பூராம் தண்டோராப் போட்டுட்டியேடா. மாப்ள வீட்டுக்காரவுக கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

நான் நடுநிலைமையை விளக்கினேன். அளவுகோலைப் பற்றிக்கூடச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதுக்கே தெரிந்தது. ஆனாலும் முடிக்காமல் நிறுத்தவில்லை.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி விடு. அண்ணன் வரமாட்டாரு. நீதான் சீரு கொண்டாரணும். எங்கயிருந்து கொண்டாருவ? ஒரு வீட்டு வாசல்ல இருந்துதான சீரு பொறப்படணும்? என் வீட்டுல இருந்து என் வீட்டுக்கே கொண்டாருவியா?"

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. தாய்மாமன் என்றால் அவனுக்கு ஊரில் ஒரு வாசல் இருக்க வேண்டும். எனக்கு இருந்தது கிளீவ்லாந்தில். அதன் முன்னால் அப்போது இரண்டடிப் பனி கிடந்தது.

கிளம்பும்போது வசந்தி பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். பஸ் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சின்ன மாமா, சீரு கெடக்கட்டும். பெரிய மாமா வந்து நின்னாப் போதும். அவுக இல்லாம நான் எப்படி மணவறையில போயி உக்காருவேன்? அம்மாகிட்டச் சொன்னா அழுகும். நீங்கதான் கூட்டியாரணும்."

"வாரேம்மா, கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிப் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது.

5

ஆனையூரில் அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க."

லாட்ஜ் சேதி எனக்கு முன்னால் ஆனையூருக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று புரிந்தது. பிறந்ததிலிருந்து என்னை 'டேய்' என்று தவிர வேறு எப்படியும் கூப்பிடாத மனுஷன். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"மதினி நல்லா இருக்கீகளா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன். மதினி வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "இந்தா, தம்பிக்கு இலையப் போடு. விருந்தாளியா வந்திருக்காக" என்றார்.

சாப்பிட்டேன். எனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு. எனக்காக வைக்கவில்லை என்று தெரியும்படி அண்ணன் இரண்டு தடவை, "எங்க வீட்டுல செவ்வாக்கெழம எப்பவும் இதுதான்" என்றார்.

"லாட்ஜ்ல வெந்நியெல்லாம் குடுக்குறாகளா?"

"குடுக்குறாகண்ணே."

"கட்டில் மெத்தையெல்லாம் வசதியா இருக்கா?"

"அண்ணே, நான் செஞ்சது தப்புத்தான். விடுங்க. வசந்தி உங்களத்தான் கேக்குது. நீங்க வராம மணவறை ஏற மாட்டேங்குது."

அண்ணனின் கை சாதத்தில் அப்படியே நின்றது. பிறகு பிசைய ஆரம்பித்தது. "என் வாசல்ல இருந்து சீரு போகாதுன்னு நான் நாலு பேரு முன்னாடி சொல்லிட்டேன் தம்பி. சொன்னது சொன்னதுதான். உங்க ஊருல எப்படியோ."

மதினி எனக்குப் பின்னால் வந்து மோர் ஊற்றுகிற சாக்கில், "தெனமும் அந்தப் பழைய சைக்கிளத் தொடச்சுத் தொடச்சு வைக்கிறாரு" என்று காதோரம் முணுமுணுத்தார். நான் மோரைக் குடித்துவிட்டு லாட்ஜுக்குத் திரும்பினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

6

போன வெள்ளிக்கிழமை மீனா வந்தாள். சரோஜா இரண்டு நாளாகச் சமைத்து வைத்திருந்தாள். தோழிப் பெண் தங்கமானவள். ரசத்தைச் சூப் என்று நினைத்து இரண்டு கிண்ணம் குடித்தாள். ஆனால் மீனா குளிர்பெட்டியைத் திறக்கும் முன், "திறக்கலாமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவள் பிறப்பதற்கு முன்பே வாங்கிய குளிர்பெட்டி அது. 'திற, திற' என்றேன். வேறு என்ன சொல்வது? ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் நன்றி சொல்லிவிட்டு மோட்டலுக்குப் போனார்கள். மறுநாள் காலை நான் வழக்கம்போல எழுந்து வாசல் பனியைத் தள்ளினேன். வழக்கத்தைவிட அகலமாகத் தள்ளினேன், இரண்டு கார் வந்து நிற்கிற அளவுக்கு.

அண்ணன் ஏன் என்னை 'நீங்க' என்றார் என்று சரோஜாவுக்கு அன்றைக்குத்தான் சொன்னேன். "ரொம்பச் சீக்கிரமா வெளங்கிருச்சு உங்களுக்கு" என்றாள்.

7

ஆனையூரிலிருந்து திரும்பிய அன்று மத்தியானம் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரமசிவம் கதவைத் தட்டினார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. அடுத்த கணம் கதவு அதிர்ந்தது. நாதாங்கி தெறித்து விழ, பரமசிவமும் ஜெயராஜும் உள்ளே வந்து விழுந்தார்கள்.

"அண்ணே! என்னத்தண்ணே குடிச்சீக?"

"மோரு" என்றேன்.

பரமசிவம் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார். "உண்மையச் சொல்லுங்கண்ணே. ஆளு மொகமே சரியில்ல. என்னால ரெண்டு மணிக்கொருக்கா மாடியேற முடியல. மூட்டு வலி."

சொன்னேன். அக்கா, அண்ணன், வசந்தி, சைக்கிள், வாசல் எல்லாவற்றையும்.

"இம்புட்டுத்தானா?" என்றார். "இந்த வாசல்ல இருந்து பொறப்படட்டும்ணே சீரு. நான் மேனேஜரா ஒக்காந்து இந்த வாசல் வழியா ரெண்டு பொணம் போயிருக்கு. ஒரு நல்லது போகட்டுமே."

ஜெயராஜ் தன் கம்பெனி வேனைத் தருவதாகச் சொன்னார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் லாட்ஜ் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. பரமசிவத்தின் மனைவியும் தெருப் பெண்கள் ஆறேழு பேரும் பட்டுச் சேலையில் வந்து நின்றார்கள். தட்டுகள் எல்லாம் என் அறையில். பெண்கள் மாடிக்கு வரக் கூடாது. "மாமா, இன்னைக்கு ஒரு நா ரூல விடுங்களேன்" என்று மனைவியே கேட்டும் பரமசிவம் அசையவில்லை. ஆகவே பழம், தேங்காய், பட்டுப்புடவை, பூ என்று ஒவ்வொரு தட்டாக, பனியன் போட்ட லாட்ஜ்வாசிகள் படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கீழே இறக்கினார்கள். தேனி கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். வேனின் பக்கவாட்டில் ஒரு கம்பளிப்புழு மல்லாந்து கிடக்கும் படமும், 'குடும்பத்தோடு ஒழிக்கும்' என்ற வாசகமும் இருந்தன. அதன் மேல் மாவிலைத் தோரணம் கட்டினோம். பாதிதான் மறைந்தது.

நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முதல் தட்டை எடுக்கக் குனிந்தபோது, வாசலில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது.

அண்ணன். பட்டு வேட்டி, கையில் மஞ்சள் பை. யாரையும் பார்க்காமல் நேரே மேனேஜர் மேஜைக்குப் போனார்.

"ஒரு ரூம் வேணும்."

பரமசிவத்துக்கு ஆள் யாரென்று தெரியாது. "எந்த ஊருண்ணே?"

"ஆனையூரு."

"உள்ளூர்க்காரவுகளுக்கு ரூம் கெடையாதுண்ணே."

"யோவ், நான் என் தங்கச்சி மகளுக்குச் சீரு கொண்டு போகணும். என் வீட்டு வாசல்ல இருந்து போகாதுன்னு சொல்லிட்டேன். சொன்ன சொல்ல மாத்த முடியாது. அதான், இங்க ரூம் போட்டு, இந்த வாசல்ல இருந்து போறேன். எழுதுய்யா."

பரமசிவம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பதிவேடு திரும்பியது. வந்த காரணம் என்ற கட்டத்தில் அண்ணன் குமாஸ்தா கையெழுத்தில் அழகாக, 'தாய்மாமன் சீர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்தாம் நம்பர் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, நான் குனிந்து எடுக்க இருந்த தட்டைத் தான் எடுத்தார்.

"தள்ளுடா. மூத்தவன் இருக்கையில நீ என்ன மொதத் தட்டத் தூக்குற?"

அந்த 'டா' காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். வேனில் ஏறும்போது ஜெயராஜ், "மருந்து வாடையா இருக்கும் அண்ணாச்சி, மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார்.

8

மண்டபத்து வாசலில் கம்பளிப்புழு வேனிலிருந்து அண்ணன் இறங்கியதை வசந்தி மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். மணப்பெண் என்ற நினைப்பே இல்லாமல் படிகளில் இறங்கி ஓடி வந்தாள். அண்ணன் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலையைப் போட்டார். கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். நான் ஒரு தேங்காய்த் தட்டை வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். எங்கே வைப்பது என்று யாரும் சொல்லாததால் தாலி கட்டி முடிகிற வரைக்கும் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அக்காவும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டடித் தூரத்தில் நின்றுகொண்டு, ஒருவர் ஓமப் புகையைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார்.

பந்தியில் என்னை உட்கார வைத்தார்கள். இலையில் எல்லாம் விழுந்துவிட்டது. நெய்ச்சட்டியோடு அக்காவே பரிமாற வந்தாள். அப்போது வாசல் பக்கம் பார்த்தேன். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கை நனைக்காமல் போகிறார். தாய்மாமன் கடமையைச் செய்தாகிவிட்டது. தங்கச்சி வீட்டுச் சோறு மட்டும் இல்லை.

நான் எழுந்து ஓடினால் அக்காவின் இலையை அவமதித்தவன். உட்கார்ந்து சாப்பிட்டால் அண்ணனைப் பட்டினியாக அனுப்பியவன். சோற்றில் கை வைத்தபடி, எழவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்தேன். நெய் மட்டும் சோற்றில் உருகி ஓடியது.

அக்கா நான் பார்த்த திசையைப் பார்த்தாள்.

"சாப்பிடு" என்றாள். இன்னொரு கரண்டி நெய்யை ஊற்றினாள். "நீ மொதல்ல சாப்பிடு."

உள்ளே போனாள். நான் அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக் கை கழுவி வந்தபோது, ஒரு எவர்சில்வர் அடுக்குத் தூக்குப் போணியை என் கையில் திணித்தாள். கனமாக இருந்தது, சூடாக இருந்தது.

"உன் லாட்ஜுக்குக் கொண்டு போ. அங்க ரெண்டு பேரு தங்கியிருக்காகளாம்ல. நான் ஒண்ணும் யாருக்கும் குடுத்து விடல. லாட்ஜுக்குத்தான்."

ஆரப்பாளையத்தில் அண்ணன் பத்தாம் நம்பர் கட்டிலில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் மேல் தூக்கை வைத்தேன்.

"என்னடா இது?"

"சாப்பாடுண்ணே. வர்ற வழியில ஒரு ஓட்டல்ல வாங்குனேன்."

அண்ணன் மூடியைத் திறந்தார். கல்யாணச் சாம்பார் வாடை அறையை நிறைத்தது. எந்த ஓட்டல் என்று அவர் கேட்கவில்லை. மூடியைத் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. 'ராஜம் திருமணத்திற்கு அண்ணன் சுந்தரம் அன்பளிப்பு.' அந்த எழுத்தைப் பெருவிரலால் இரண்டு மூன்று தரம் தேய்த்தார். அழிகிறதா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. தூக்கைத் தானே குழாயடிக்குக் கொண்டு போய்க் கழுவி, துண்டால் துடைத்துக் கொடுத்தார்.

"அந்த ஓட்டல்ல குடுத்துரு. சாம்பார்ல உப்பு ஒரு கல்லு கம்மி. ரசம் நல்லாருக்குன்னு சொல்லு."

9

இவ்வளவு ஆன பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். பேசவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை இல்லை. வசந்திக்கு இரண்டு பிள்ளைகள். காதுகுத்துக்கு அண்ணன் போய் நின்றார். சாப்பிடவில்லை.

எனக்குத்தான் கடிதங்கள் வருகின்றன. அண்ணன் கடைசி வரியில், 'அந்த ஓட்டல் எப்படி நடக்கிறது?' என்று கேட்பார். அக்கா, 'லாட்ஜில் தங்கியிருந்தவருக்கு இப்போது சர்க்கரை எப்படி இருக்கிறதாம்?' என்று கேட்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் தூரம். நான் அங்கே கேட்டு இங்கே எழுதி, இங்கே கேட்டு அங்கே எழுதுகிறேன். 'நீங்களே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்' என்று ஒருமுறை தைரியமாக எழுதினேன். மூன்று மாதம் இரண்டு பேரும் கடிதமே போடவில்லை. பயந்துபோய் மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

நேற்று அண்ணனிடமிருந்து விமானத் தபால். 'ஓட்டல்காரிக்கு முழங்கால் வலி என்று கேள்வி. மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல். புளிய இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தால் கேட்கும். நான் சொன்னதாகச் சொல்லாதே.'

இன்று சனிக்கிழமை, தபால் நிலையம் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். 'அன்புள்ள அக்காவுக்கு, இங்கே எனக்குத் தெரிந்த ஒரு அமெரிக்க டாக்டர் சொன்னார்…' என்று ஆரம்பித்திருக்கிறேன். புளிய மரத்தைப் பற்றி அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்க மாட்டாள்.